பாலையை முல்லையாக்கும் பணி

தொல்காப்பியர் நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நான்காக வகுத்தார். பாலைக்குத் தனி நிலம் வகுத்தாரல்லர். பின்வந்த இளங்கோவடிகளோ, முல்லையும் குறிஞ்சியும் வெம்மை மிகுந்து தத்தம் இயல்பு கெடும்போது அடையும் கோலமே பாலை என்று விளக்கினார். தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் இதனை அறிவர். அகப்பொருள் வகுப்பில் கேட்டு, தேர்வுத்தாளில் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றுவிடுகின்றனர். ஆயினும் இச்செய்தி இலக்கணத்தோடு முடிந்துவிடுவதன்று. நிலம் கெடும் என்பதை நம் முன்னோர் கண்டிருந்தனர். கெட்ட நிலம் பிறவியிலேயே கெட்டது அன்று என்பதையும் கண்டிருந்தனர். அவ்வாறாயின், முல்லை பாலையானது போலவே பாலை மீண்டும் முல்லையாகவும் கூடுமன்றோ?

இவ்வினாவையே இன்று உலகம் வேறு மொழியில் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2021 முதல் 2030 வரையுள்ள காலத்தை இயற்கைச் சூழல் மீட்புக்குரிய பத்தாண்டாக அறிவித்துள்ளது. 2022 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் கூடிய நாடுகள், சீர்கெட்ட நிலப்பரப்பிலும் நீர்ப்பரப்பிலும் 30 விழுக்காட்டையேனும் 2030-க்குள் மீட்புப் பணியின்கீழ்க் கொண்டுவருவதென இசைந்தன. புவி வெப்பமடைவதும் காட்டுயிர் அருகுவதும் இரு வேறு நோய்கள் அல்ல, ஒரே நோயின் இரு முகங்கள் என்பதை அறிவியலார் இப்போது ஏற்கின்றனர். காடு, சதுப்பு, புல்வெளி, வேளாண் நிலம் ஆகியவற்றைக் காத்தும் மீட்டும் திருத்தமுறப் பேணியும் வந்தால், 2030 வரை தேவைப்படும் கரியமில வாயுக் குறைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதனாலேயே கிட்டும் என்று 2017-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று கணக்கிட்டது. எஞ்சிய பங்கு புகைபோக்கிகளில்தான் குறைய வேண்டும். இதனை நாம் தொடக்கத்திலேயே சொல்லிவிட விரும்புகிறோம். மரக்கன்று நட்டுவிட்டோம், இனிப் புகைக்கலாம் என்பார்க்கு இக்கட்டுரை துணைபோகாது.

உலகச் செய்தி இவ்வளவே போதும். நம் வாயிற்படிக்கு வருவோம்.

பெரம்பலூரும் அரியலூரும் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் உறுப்புகளாக இருந்தவை. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001-இல் அரியலூர் பிரிந்தது. 2002-இல் மீண்டும் இணைந்தது. 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு வந்தும் போயும் இருக்க, நீரின் எல்லை மட்டும் மாறவில்லை. மேற்கே பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். மேற்கு மேட்டுநிலத்தில் தோன்றும் மருதையாறு இரு மாவட்டங்களையும் கடந்து கொள்ளிடத்தில் கலக்கிறது. அம்மருதையாறு எத்தகையது என்பதை நாடு ஒருமுறை அறிந்தது. 1956 நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், அரியலூருக்கு அருகே பெருவெள்ளம் பாலத்தை அரிக்க, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். அந்த ஆற்றை இன்று கோடையில் காண்பவர், இதுவா அவ்வாறு என்று ஐயுறுவர். ஓரிரு நாளில் ஊழிபோல் ஓடி, ஏனைய நாளெல்லாம் மணலாய்க் கிடக்கும் ஆறு, தன் மேட்டுநிலம் நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றலை இழந்துவருவதற்குச் சான்று. மழை பெய்யும் நாள்கள் குறைந்து, பெய்யும் நாளில் மிகுந்து கொட்டும் என்பதே பருவநிலை மாற்றம் நமக்குத் தரும் எச்சரிக்கை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை ஒரு நூற்றாண்டில் காணாத அளவு பொய்த்தது. 2018 ஆகஸ்டிலோ கொள்ளிடம் கரைபுரண்டு, திருச்சியில் பழைய பாலமே இடிந்தது. அத்தனை நீரும் நம் தெற்கெல்லையைத் தொட்டுக்கொண்டே கடலுக்குச் சென்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் இரண்டே ஆண்டுகள்.

இங்கே வேறு மாவட்டத்தார்க்கு இல்லாத ஒரு பொறுப்பு நமக்கு உண்டு என்று கருதுகிறோம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியின் பெரும்பரப்பு கடலாயிருந்தது. சாத்தனூர்க் கல்மரம் அதற்கு நிலைத்த சாட்சி. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்நீரில் அடித்துவரப்பட்டு மண்ணில் புதைந்து கல்லாய்ச் சமைந்த அம்மரம் 18 மீட்டர் நீளமுடையது, புவியியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதனை உலகுக்கு அறிவித்தார். அக்கடலில் வாழ்ந்த சிப்பியும் நத்தையும் நுண்ணுயிரும் தம் ஓடுகளைக் கட்டிக்கொள்ளக் கரியையே பயன்படுத்தின. நீரில் கரைந்திருந்த கரியமில வாயுவைச் சுண்ணத்தோடு சேர்த்து ஓடாக்கி, இறந்தபின் அடித்தளத்தில் படிந்தன. அவ்வாறு படிந்ததே நம் சுண்ணாம்புக்கல். அரியலூர் மண்ணுக்கடியில் கிடப்பது வெறுங்கல் அன்று. பண்டைய வானிலிருந்து இயற்கை இறக்கிப் பூட்டிவைத்த கரி என்பதே பொருந்தும்.

1979-இல் அரசு சிமெண்டு ஆலை அரியலூரில் தொடங்கியது; தனியார் ஆலைகள் தொடர்ந்தன. ஆலையின் சூளையில் நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். இது எரிபொருளின் புகைக்கு மேற்பட்டது. கல்லே விடும் மூச்சு. உலகில் மாந்தர் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலால் என்று மதிப்பிடுவர். சிமெண்டு வேண்டா என்று சொல்ல நாம் துணியவில்லை. இக்கட்டுரையைப் படிப்பவரின் வீட்டுக் கூரையும் அதனாலாயதுதான். பல்லாயிரம் குடும்பங்களின் உலையும் அதனால் கொதிக்கிறது. ஆயின் இயற்கை பூட்டிவைத்ததை நாம் திறந்துவிட்டோமாதலின், திரும்பப் பூட்டும் கடமையும் நம் மண்ணிலேயே நிறைவேற வேண்டும். எவ்விடத்தில்? கல்லை எடுத்த குழியிலேயே தொடங்கலாம்.

கல் எடுத்து முடித்த சுரங்கங்களைச் சாலையில் செல்வோர் காண்பர். செங்குத்தான சுவர், ஆழ்ந்த பள்ளம், மழைக்காலத்தில் அடியில் தேங்கும் நீர், சுற்றிலும் மண்மேடு, அதன்மேல் சீமைக்கருவேல். 'இதுவும் ஓர் ஏரிதானே, நீர் நிற்கிறதே' என்று சொல்வாருண்டு. ஏரி வேறு, குழி வேறு. நம் முன்னோர் வெட்டிய ஏரி ஒருபுறம் ஆழ்ந்து, மறுபுறம் மெல்லச் சரிந்து, நீர் வற்ற வற்றக் கரை விரியும் தன்மையது. அந்த முழங்கால் நீரிலேதான் நாரையும் கொக்கும் நடந்து இரை தேடும். அந்தச் சேற்றிலேதான் உள்ளான் புழு கொத்தும். அந்த ஈரக்கரையிலேதான் புல் முளைத்து வாத்து மேயும். செங்குத்துக் குழியில் இவற்றுள் ஒன்றுக்கும் இடமில்லை. தவறி வீழ்ந்த ஆடு மீண்டு ஏறவும் வழியில்லை. ஆகவே, குழியை ஏரியாக்குவதென்றால் முதற்பணி கரையைச் சரிப்பது. இரண்டாவது, தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்புவது. மரம் நடுவது அதற்குப் பின்னரே.

இது நம் விருப்பம் மட்டுமன்று, சட்டமும் இதுவே. சுரங்கத்தை மூடும் திட்டத்தை முன்னரே வகுத்து ஒப்புதல் பெற வேண்டும், மேல்மண்ணைத் தனியே காத்துவைக்க வேண்டும் என்று கனிம விதிகள் கூறுகின்றன. 2020 சனவரி 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மேலும் ஒருபடி சென்றது. சுரங்கப்பணி முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, கால்நடைக்குத் தீவனமும் செடிகொடிக்கும் விலங்குக்கும் உறைவிடமும் ஆகும்படி திருப்பித் தருதல் வேண்டும் என்னும் நிபந்தனையைக் குத்தகையிலேயே சேர்க்குமாறு அரசுக்குக் கட்டளையிட்டது. நீதியரசர்கள் 'மரம்' என்று சொல்லாமல் 'புல்' என்று சொன்னதை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

ஏனெனில், இயற்கை மீட்பு என்றதும் மரக்கன்று என்று நினைப்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட பிழை. ஆண்டுதோறும் ஒரு நாள் குறிக்கப்படும், விருந்தினர் வருவர், கன்று நடப்படும், படம் எடுக்கப்படும், மறு ஆண்டு அதே குழியில் வேறொரு கன்று நடப்படும். எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகும். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம், மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காட்டுக்கு உயர்த்தும் குறிக்கோளுடையது. நல்ல குறிக்கோளே. ஆயினும் எந்த மரம், எந்த மண்ணில் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. பெரம்பலூரின் இயல்பான காடு ஓங்கி வளர்ந்த மழைக்காடு அன்று. உசிலும் வெள்வேலும் காரையும் சூரையும் விராலியும் ஆவாரையும் செறிந்த முட்புதர்க்காடு அது. இடையிடையே புல்வெளி. பார்ப்பவர்க்கு அது 'தரிசு'. முயலுக்கும் கௌதாரிக்கும் கீரிக்கும் வானம்பாடிக்கும் அதுவே வீடு. அத்தகைய நிலத்தைத் தரிசென்று எண்ணித் தைலமரத்தை வரிசை வரிசையாக நட்டால், தொலைவிலிருந்து பசுமையாகத் தோன்றும். அருகே சென்று செவி மடுத்தால் ஒரு பறவையின் குரலும் கேளாது. பசுமையெல்லாம் காடு ஆகிவிடாது.

பெரம்பலூர் வட்டாரக் காப்புக்காடுகளில் புள்ளிமான்கள் வாழ்கின்றன. கோடையில் அவை நீர் தேடி வெளியேறுவதும், கைப்பிடிச் சுவரில்லாக் கிணறுகளில் வீழ்வதும், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் அடிபட்டு இறப்பதும் நாளேடுகளில் நாம் படித்துக் கடந்துபோகும் சிறு செய்திகள். மான் சாலைக்கு வந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். மான் போகும் வழியில் சாலை வந்தது என்பதே முறையன்றோ? காட்டினுள் பழைய குட்டைகளைத் தூர் அகற்றினால், ஓடைகளின் குறுக்கே சிறு தடுப்பணை எழுப்பினால் மான் வெளியே வரும் தேவை குறையும்; அந்நீரே மண்ணுள் இறங்கிக் கீழுள்ள சின்ன வெங்காயத்திற்கும் பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் கிணற்று நீராகும். காட்டுயிர் மீட்பும் உழவர் நலனும் ஒரே குட்டையில் சந்திக்கின்றன.

கெட்ட நிலம் மீளும் என்பதற்குத் தொலைநாடு சென்று சான்று தேட வேண்டுவதில்லை. விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில் மேட்டுநிலம், 1968-இல் அங்குக் குடியேற்றம் தொடங்கியபோது, மழைநீர் அரித்துப் பள்ளத்தாக்குகளாய்ப் பிளந்த செம்மண் கட்டாந்தரை. அங்கிருந்தோர் மரம் நடுமுன் வரப்புக் கட்டினர். பெய்த நீர் பெய்த இடத்திலேயே நிற்கும்படி செய்தபின், விரைந்து வளரும் மரங்களை நிழலுக்கு வைத்து, அவற்றின் கீழே சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைக்காட்டு மரங்களைப் படிப்படியாகக் கொணர்ந்தனர். அரை நூற்றாண்டில் அது காடாயிற்று. இராசத்தானத்தின் ஆல்வார் பகுதியில் 1985 முதல் ஊரார் தாமே மண்கரைகள் எழுப்பி நீரைத் தேக்க, வறண்டுகிடந்த அர்வரி ஆறு பத்தாண்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. இரண்டிடத்தும் முதலில் நீர், பின்னரே மரம். இவ்வரிசையை மாற்றினால் பொருளும் உழைப்பும் வீணே.

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒளிவிடும் சான்று ஒன்றுண்டு. கரைவெட்டி ஏரி, 453.72 எக்டேர் பரப்புடையது. காவிரியிலிருந்து பிரியும் புள்ளம்பாடி வாய்க்காலாலும் வடகிழக்குப் பருவமழையாலும் நிறைவது, கோடையில் வற்றுவது. 1990-களின் கடைசியில் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. அங்கு 198 வகைப் பறவைகள் காணப்பட்டுள்ளன. நடு ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து பறந்துவரும் வரித்தலை வாத்து அவற்றுள் தலையாயது. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் கிளுவையும் உடன் வருகின்றன. 2024 சனவரியில் இது உலகச் சிறப்புவாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழகத்தில் அத்தகைய ஈரநிலங்கள் 2025 பிப்ரவரியில் இருபதாயின.

இதில் நாம் ஊன்றிக் காண வேண்டியது விருது அன்று. கரைவெட்டி மக்கள் இல்லாத காட்டு ஏரி அன்று. அதன் நீரால் நெல்லும் கரும்பும் விளைகின்றன. பாசன ஏரியாக இருந்துகொண்டே அது பறவைகளின் ஏரியாகவும் இருக்கிறது. வேடந்தாங்கலில் 1798-இலேயே பறவைகளுக்குக் காப்பு கேட்டவர்கள் ஊர் மக்களே; பறவையின் எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். உழவரை விலக்கி இயற்கையைக் காப்பதென்னும் வழி நம் நாட்டுக்கு ஒவ்வாது. உழவரும் பறவையும் ஒரே மதகை நம்பி வாழும் முறையே நம் முறை. ஆயினும் கரைவெட்டியின் உயிர் கரைவெட்டியில் இல்லை என்பதையும் மறத்தலாகாது. பல கல் தொலைவிலுள்ள தலைப்பிலும், இடையிலுள்ள வாய்க்காலின் ஒவ்வொரு வளைவிலும் அது இருக்கிறது. வாய்க்கால் தூர்ந்தால், பட்டியலில் பெயர் இருக்கும். ஏரியில் பறவை இராது. வாய்க்காலைக் காவாமல் ஏரிக்கு வேலி கட்டுவது, வேரை விட்டு இலைக்கு நீர் தெளிப்பதை ஒக்கும்.

கங்கைகொண்ட சோழபுரத்துச் சோழகங்கத்தின் கதையும் இதுவே. முதலாம் இராசேந்திரன் கங்கை வெற்றியின் நினைவாக நீராலாகிய வெற்றித்தூணாய் அதனை அமைத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு குறிப்பிடுகிறது. கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் அதற்குக் கால்வாய்கள் வந்தன என்று 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் கூறுகின்றன. பேரரசன் வெட்டிய ஏரியும், நீர் வரும் வழி அழிந்தபின் முட்புதரும் வயலுமாயிற்று. (1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்களையே பெயர்த்தெடுத்துச் சென்றனர். நீருக்காகக் கோயிலை இடித்தார்கள், கோயிலை எடுப்பித்தவனின் ஏரிக்கோ நீர் வரவில்லை!) சோழகங்கத்தைச் சீரமைக்கப்போவதாக 2025-இல் மாநில அரசு அறிவித்தது. கரையை உயர்த்தி நடைபாதை அமைப்பதோடு அப்பணி நின்றுவிடுமாயின் அது பூங்கா ஆகும். வரத்துக்கால்களை மீட்டாலன்றி ஏரி ஆகாது.

இங்கே ஏழை எளியோர் பக்கமிருந்து ஒரு மறுப்பு எழும். அது எழுதலும் முறையே. சீமைக்கருவேலை வேரோடு களையுங்கள் என்று ஆணைகள் வந்தன. அயல்நாட்டுச் செடிகளை அகற்றுவதற்கென 2022-இல் மாநில அரசு கொள்கையும் வகுத்தது. அது பிற செடிகளை வளரவொட்டாது ஏரிகளைக் கவிந்துகொள்வது மெய். ஆனால் அதுவே இன்று பல குடிசைகளில் விறகு; ஆட்டுக்கு நெற்று; வேலையில்லா மாதத்தில் வெட்டி விற்கும் கரி. ஒரே நாளில் பொறியை வைத்துப் பெயர்த்துவிட்டு அகன்றால், ஏழை விறகிழப்பாள்; ஓராண்டில் கருவேலும் மீண்டும் முளைத்துவிடும். ஒரு பகுதியைக் களைந்து, அங்கே உசிலும் வெள்வேலும் வேம்பும் தழைத்து விறகும் தழையும் தரத் தொடங்கியபின் மறு பகுதிக்குச் செல்வதே ஏற்ற முறை. மேய்ச்சலுக்கும் அவ்வாறே. மேய்க்கால் புறம்போக்கில் வேலியிட்டு மரம் வைத்தால் ஆடு மேய்ப்போர் எங்குச் செல்வர்? பாதியை மூவாண்டு ஓய்வில் விட்டு மறுபாதியில் மேய்க்கும் ஒழுங்கை ஊரவை செய்யுமாயின் புல்லும் தழைக்கும், ஆடும் பிழைக்கும்.

இத்தகைய ஒழுங்கு நம் சமுதாயப் பெரியோர்க்குப் புதிதன்று. மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியை ஒதுக்கிக் காக்கும் 'ஹிமா' என்னும் முறையும், கிணற்றையும் நீரோடையையும் சுற்றி எவரும் ஆக்கிரமிக்கலாகாத எல்லையாகிய 'ஹரீம்' என்னும் முறையும் இசுலாமியச் சட்ட நூல்களில் விரித்துரைக்கப்பட்டவை. பாலைநிலத்து மக்கள் நீரின் அருமையை அறிந்து வகுத்த நெறி அது. வெள்ளாற்றங்கரையில் வாழும் இலெப்பைக்குடிகாட்டு மக்கள் முதலாக, இம்மாவட்டங்களின் ஜமாஅத்தார் அனைவரும் தம் பொறுப்பிலுள்ள அடக்கத்தலங்களை ஒருமுறை இக்கண்கொண்டு பார்த்தல் நன்று. வெளியே எங்கும் அற்றுப்போன பழஞ்செடிகள், ஏர் படாத, கோடரி படாத அவ்வெளிகளில் தப்பியிருத்தல் கூடும். கோயிற்காடுகளுக்கும் இது பொருந்தும். அவற்றைத் துப்புரவு செய்கிறோம் என்று முற்றும் வெட்டிச் சிமெண்டுத் தளம் இடாதிருந்தாலே பாதி மீட்பு. அங்கிருந்து எடுக்கும் விதைகள் நாற்றங்காலுக்கு முதல். பள்ளிவாசலில் ஒளு செய்த நீரைச் சாக்கடையில் விடாது வேம்புக்கும் புங்கனுக்கும் திருப்புவதும் எளிதே.

தமிழ்த்துறைக்கும் இதில் தனிப்பணி உண்டு என்றால் சிலர் வியப்பர். வேப்பந்தட்டை, பூலாம்பாடி, ஆலத்தூர், இலந்தைக்கூடம், விளாங்குடி என இம்மாவட்டங்களின் ஊர்ப்பெயர்களை அடுக்கிப் பாருங்கள். வேம்பும் பூலாவும் ஆலும் இலந்தையும் விளாவும் அவற்றில் நிற்கின்றன. எந்த மண்ணில் எது இயல்பாய் வளர்ந்தது என்பதற்கு அறிவியல் ஆய்வு வருமுன்னரே எழுதப்பட்ட பட்டியல் அன்றோ அது? ஊருணி, ஏந்தல், தாங்கல், மதகு, கலிங்கு, வாரி, வரத்துக்கால் என்று நீர்நிலையின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிச்சொல் இருந்தது. முதியோர் மறையும்போது சொல்லும் மறைகிறது. சொல் மறைந்தபின் வாரி என்று ஒன்று இருந்ததையே பட்டா வாங்கியவர் அறியார், வட்ட அலுவலரும் அறியார். ஆகவே மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர் ஏரியைச் சுற்றி நடந்து, அதற்கு நீர் எங்கிருந்து வந்தது, எங்கே தடைப்பட்டது, மிகுநீர் எந்த ஏரிக்குச் சென்றது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லாலேயே எழுதித் தருதல் வேண்டும். முதுகலை மாணவரின் இடுநிலை ஆய்வேட்டுக்கு இதனினும் தக்க பொருள் இல்லை. உவமை நலமும் உருவக நலமும் சிலகாலம் காத்திருக்கும். இவ்வேடுகள் நூலகத்தில் உறங்காமல், ஒரு படி ஊராட்சிக்கும் ஒரு படி நீர்வளத்துறைக்கும் செல்ல வேண்டும்.

இனி, சுரங்கத்திற்கே திரும்புவோம். புதிய சுண்ணாம்புச் சுரங்கத்திற்கோ, பழையதன் விரிவாக்கத்திற்கோ சுற்றுச்சூழல் ஒப்புதல் கோரும்போது, 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடைபெறும். அக்கூட்டங்களில் வேலைவாய்ப்பு, சாலை, தூசு, வெடி அதிர்ச்சி ஆகியவை பேசப்படுகின்றன, பேசப்பட வேண்டியவையே. குழி மூடப்படும் முறையும் அதே உரத்தோடு பேசப்படல் வேண்டும். நம் மாணவரும் ஆசிரியரும் ஊர்ப்பெரியோரும் அங்குச் சென்று, மூடல் திட்டத்தின் படியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கட்டும்: எடுத்து முடித்த குழிகள் எத்தனை, அவற்றுள் எதன் கரை எந்த ஆண்டில் சரிக்கப்படும்? மேல்மண் எங்கே குவிக்கப்பட்டிருக்கிறது, அதில் எவ்வளவு திரும்பப் பரப்பப்பட்டது? நடப்போவது தைலமரமா, உசிலும் வெள்வேலுமா? நீதிமன்றம் சொன்ன புல் எந்தப் பகுதியில் விதைக்கப்படும், அதில் எவர் ஆடு மேயும்? குழியில் நிறையும் நீர் எந்த வரத்துக்காலின் வழியே எந்த ஏரிக்குப் போகும்? விடைகள் கூட்டக் குறிப்பில் எழுத்தில் ஏறும்வரை, கேட்டவர் இருக்கையில் அமர வேண்டுவதில்லை.